பதினோராம் தூண்

மௌலீஸ்வரன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் காலையில் மேம்பாலத்துக்கு அடியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களை அவன் விசாரிக்காமல் விட்டதில்லை.

"சாப்டாச்சுங்களா? ஏனுங் வெயில்ல நிக்கறீங்க, இப்படி நெழலுக்கு வாங்க."

புதிதாக வருகிறவர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். பதினோராம் தூணில் ஒருவன் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருப்பான். காக்கிச் சட்டை, காதில் பென்சில், புருவத்தில் எண்ணெய்க் கறை. கேட்கும் கருவியும் பேசும் கருவியும் அந்தப் பெயிண்டுக்குள்ளேயே இருந்தன. கேள்வி கேட்டால் மௌலீஸ்வரனின் குரலில், அவன் எப்படிச் சொல்வானோ அப்படியே பதில் வரும்.

அவன் மனைவி நிவேதா தூணைப் பார்க்காமல் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மகள் மிருதுளாவின் ஸ்கூல் பஸ் அங்கேதான் வரும். வேறு நிறுத்தம் கிடையாது. வீட்டு ஜன்னலைத் திறந்தாலும் அதே தூண்தான் தெரியும். ஜன்னலை அவள் அடைத்தே வைத்திருந்தாள். குரல் மட்டும் அடைபடவில்லை.

"நீ குடுத்து வெச்சவ கண்ணு," என்பாள் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா. "எங்க ஊட்டுக்காரர் உசுரோட இருந்தும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல."

அந்த வருஷங்களில் ஊரில் துப்பாக்கி மலிந்துவிட்டது. அதை அச்சு என்றுதான் சொன்னார்கள். பிளாஸ்டிக் உடம்பை மெஷின் ஒரே ராத்திரியில் அச்சடித்துத் தள்ளிவிடும். குழலும் ஊசியும் மட்டும் இரும்பில் கடைய வேண்டும். அதற்கு ஒரு லேத் போதும். கோயம்புத்தூரில் லேத்துக்கா பஞ்சம்? வண்டி நிறுத்தும் தகராறு, காம்பவுண்டுச் சுவர் தகராறு என்று முன்பெல்லாம் சட்டையைப் பிடிப்பதோடு முடிந்தவை, இப்போது ஆஸ்பத்திரியில் போய் முடிந்தன.

ஜெசிந்தா என்ற ஓவியர் சென்னையிலிருந்து வந்தாள். துப்பாக்கி வேண்டாம் என்று சுவரில் எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை, செத்தவர்களோடு ஜனங்களைப் பழகவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். மேம்பாலத் தூண் ஒவ்வொன்றிலும் சுடப்பட்ட ஒருவரை வரைந்தாள். அவரவர் போனில் இருந்த குரல், வீடியோ, அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் ஊட்டி, அவரவரைப் போலவே பேச வைத்தாள். தூணுக்குக் கீழே ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். மனம் மாறியவர்கள் அச்சை அதில் போட்டுவிட்டுப் போகலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

நிவேதா ஜன்னலை அடைத்தது துக்கத்தினால் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். துக்கமும் இருந்தது. ஆனால் காரணம் அது அல்ல.

மௌலி செத்தது ஆயுத பூஜையன்று. காலையிலேயே பட்டறையைக் கழுவி, லேத்துக்கு மாலை போட்டு, வரிசையாக வாழையிலை விரித்துச் சாமான்களை அடுக்கினான். ஸ்பானர், சுத்தியல், அளவுகோல், டிரில் பிட்டுகள். கடைசி இலையில் அச்சு. அடுத்த தெருவில் திருட்டுப் போனதிலிருந்து பயந்துபோய் அவனே செய்துகொண்டது.

"இதை எதுக்குங்க சாமிகிட்ட வெக்கறீங்க?" என்று நிவேதா கேட்டாள்.

"நான் கடைஞ்சதுதான நிவி. ஸ்பானருக்கு ஒரு ஞாயம், இதுக்கு ஒரு ஞாயமா?"

பொட்டு வைக்கிற வேலை மிருதுளாவுக்கு. அப்போது ஆறு வயசு. சந்தனக் கிண்ணமும் குங்குமக் கிண்ணமும் அவள் பக்கத்தில் இருந்தன. "எல்லாத்துக்கும் வை சாமி. ஒண்ணையும் விட்றாத," என்று சொல்லிவிட்டு அவன் எதிரே குனிந்து சூடம் ஏற்றிக்கொண்டிருந்தான். அவளும் ஒன்றையும் விடவில்லை. அச்சு வழவழவென்றிருந்தது. பொட்டு நிற்கவில்லை. கையில் எடுத்து, விரல்களை மடக்கி நன்றாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வைத்தாள்.

குண்டை எடுத்துவிட்டதாக அவன் நினைத்திருக்க வேண்டும்.

நிவேதா முதலில் செய்த காரியம் மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கை கழுவிவிட்டது. சந்தனம் போயிற்று, குங்குமம் போயிற்று. அடுத்து அச்சைப் பட்டறையிலிருந்த அசிட்டோன் கேனுக்குள் போட்டாள். கெமிஸ்ட்ரி படித்தவள். அந்தப் படிப்பு வாழ்க்கையில் அவளுக்கு உதவியது அந்த ஒரு தடவைதான். பிளாஸ்டிக் பிசினாகக் கரைந்தது. இரும்பு பழைய இரும்போடு சேர்ந்தது. ஜனங்கள் ஓடி வந்தபோது ஷட்டர் திறந்துதான் இருந்தது. ரோட்டில் யார் யாரோ பைக்கில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"யாரோ பைக்ல வந்தாங்க," என்று அவள் வாய் சொன்னது. யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. அந்த மாதம் ஊரில் அப்படி நிறைய நடந்துகொண்டிருந்ததால் போலீஸும் நம்பிவிட்டது.

அன்று மாலை மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். "பைக்ல ஒரு மாமா வந்தாரு. அவ்வளவுதான். சரியா கண்ணு?"

"சரி."

அதற்கப்புறம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மிருதுளாவுக்கு இப்போது எட்டு வயசு. அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்பது நிவேதாவுக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை. கேட்டால் அதுவே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தூணில் வரையச் சம்மதம் கேட்டு ஜெசிந்தா வந்தபோது மறுக்கத்தான் நினைத்தாள். மௌலியின் அண்ணன் விடவில்லை. "எந்தம்பி முகத்த ஊரே பாக்கட்டும். சுட்டவன் பாத்துச் சாகட்டும்," என்று கண் கலங்கினார். இதற்குமேல் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சம்மதித்தாள். போனைக் கொடுப்பதற்கு முன் அச்சைப் பற்றிய ஒவ்வொரு பேச்சையும் தேடித் தேடி அழித்தாள். ஆக, தூணில் ஏறியது வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டே இராத ஒரு மௌலி.

அங்கேதான் கோணிப்போயிற்று.

பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அவனிடம் கேட்கும் கேள்விகள் போகப் போக ஒரே கேள்வியாகச் சுருங்கின. "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு இருந்திருந்தா பொழச்சிருப்பீங்களா?"

தூண் கொஞ்சம் யோசிக்கும். மௌலி பயந்த சுபாவம். "எங்கிட்டதான் ஒண்ணுமே இல்லீங்களே," என்னும். "இருந்திருந்தா பொழச்சிருப்பனோ என்னமோங்க."

யாரோ அதை போனில் பிடித்துப் போட, ஊர் முழுக்கப் பரவியது.

பூஜைக்குச் சில நாட்கள் இருக்கும்போது பாக்கியம் அக்கா நிவேதாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து துணிச் சுருள் ஒன்றை எடுத்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் அச்சு.

"யாருகிட்டயும் சொல்லிராத. எல்லா ஊட்லயும் வாங்கிட்டாங்க, நாங்கதான் கடைசி."

"எதுக்குங்கக்கா?"

"எதுக்கா? உங்க ஊட்டுக்காரர் சொன்னதக் கேட்டுத்தான். கையில ஒண்ணு இருந்திருந்தா பொழச்சிருப்பேன்னு அந்தத் தம்பி சொல்லுதுல்ல. கேட்டதுல இருந்து இவருக்குத் தூக்கமே இல்ல. பைக் சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சு உக்காந்துக்கறாரு."

நிவேதா துணியை இழுத்து அச்சை மூடினாள். "குண்டையாவது எடுத்துட்டு வைங்கக்கா."

"குண்டில்லாம அதெதுக்கு, தோசை திருப்பவா?" பாக்கியம் அக்கா சிரித்தாள். "வர்ற ஆயுத பூஜைக்குச் சாமிகிட்ட ஒருவாட்டி வெச்சு எடுத்துட்டா மனசுக்குத் தைரியம். எங்க தருணு இப்பவே சண்டை. பொட்டெல்லாம் அவன்தான் வைப்பானாம்."

தருண் அவள் மகன். ஏழு வயசு. கூடத்தில் உட்கார்ந்து மிருதுளாவோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தான். மிருதுளா தலை நிமிரவில்லை. கையிலிருந்த காய் மட்டும் கீழே விழுந்து உருண்டது.

நிவேதா சொல்லத்தான் வாயெடுத்தாள். எப்படிச் சொல்வது? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்பதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது, அந்தப் பதில் கேரம் ஆடிக்கொண்டிருந்தது. குண்டை எடுத்துவிடும்படி அக்கா வீட்டுக்காரரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். "நானென்ன சின்னப் பையனா அம்மிணி?" என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவரும் குண்டை எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

மறுநாள் ஜெசிந்தாவே வந்தாள். நகக்கண்களில் பெயிண்ட். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க நிவேதா. மத்த தூண்ல எல்லாம் பெட்டியில அச்சு வந்து விழுது. பதினொண்ணுல மட்டும் காலி. காலியா இருந்தாக்கூடப் பரவால்ல. இந்தப் பக்கத்துலதான் அதிகமா வாங்குறாங்க. வேண்டாம்னு சொல்ல நான் வரைஞ்ச படம் துப்பாக்கி வித்துக்கிட்டிருக்கு."

"அவரப் பேச விடாம நிறுத்திடுங்க மேடம்."

"நிறுத்தலாம். மெரட்டி வாயை அடைச்சிட்டாங்கன்னு இன்னும் நாலு தெருவுல வாங்குவாங்க."

நிவேதா அடைத்த ஜன்னலைப் பார்த்தாள். வெளியே அவன் யாரையோ நிழலுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணும் கேக்கணும்," என்றாள் ஜெசிந்தா. "ஆயுத பூஜைன்னு யாராவது பேச்செடுத்தா அவர் ஒரு இடத்துல நின்னுடறார். ஸ்பானர், சுத்தியல்னு சந்தோஷமாச் சொல்லிட்டு வர்றார். அப்புறம் 'அது வேண்டாமுங்க'ங்கறார். இந்த மாதிரிப் படங்களுக்குத் தெரியாத விஷயம்னா எதையாவது உளறும். இப்படி நிக்காது. அங்க என்னமோ இருக்கு."

நிவேதா போனில் அழித்ததை நினைத்தாள். அழித்த இடத்தில் தழும்பு மாதிரி ஏதாவது தங்கிவிட்டதா?

"நான் போலீஸ் இல்ல," என்றாள் ஜெசிந்தா. "இருக்கற எதையும் எங்கிட்டச் சொல்ல வேண்டாம். அவர்கிட்டச் சொல்லுங்க. தெருவுல போறவங்க பேசறது அவருக்குள்ள தங்காது. சம்சாரம், புள்ளைங்க குரல் மட்டும் தங்கும். அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கோம். குடும்பத்துல பேசினது என்னன்னு நாங்ககூடக் கேக்க முடியாது."

"ஏற்கெனவே அவருக்குள்ள வேற மாதிரி இருந்தா?"

"கடைசியாச் சொன்னதைத்தான் நம்புவார். புதுசு பழசை மூடிடும்."

உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை என்று நிவேதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பாதி உண்மை போதும். அச்சு இருந்தது, அதுதான் கொன்றது. அவ்வளவு தெரிந்தால் ஊர் அடங்கிவிடும். யார் கை என்பதை மாற்றிக்கொள்ளலாம்.

மதியம், ரோடு காலியாகிக் கிடக்கும் வேளையில், ஜெசிந்தாவின் ஆட்கள் தூணைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டினார்கள். நிவேதா உள்ளே போனாள். துணிக்குள் அனலாக இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்டாச்சுங்களா?"

"நான்தான்."

குரல் சட்டென்று மாறியது. "நிவி! ஏன் இத்தன நாளா வரல?"

"வேலைங்க."

"பாப்பா டெய்லி வர்றா. நீதான் வரல."

பஸ்ஸுக்கு வருவதைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்ககிட்ட ஒரு அச்சு இருந்துச்சு. நீங்களே செஞ்சது."

இல்லை என்று மறுப்பான் என எதிர்பார்த்தாள். "ம்," என்றான்.

"பூஜையில வெச்சீங்க. குண்டை எடுக்க மறந்துட்டீங்க. நீங்களே எடுத்துத் தொடச்சீங்க, வெடிச்சிருச்சு. உங்க கையிலதான். வேற யாரும் தொடல."

மேலே பாலத்தில் ஒரு லாரி போயிற்று. அதிர்வு அடங்கியதும் தூண் கேட்டது.

"நெஜமாவா நிவி?"

"நெஜம்."

"நானேதானா?"

"நீங்களேதான்."

"பாப்பா எங்க இருந்தா அப்ப?"

"உள்ள எங்கூட இருந்தா. பாப்பா அங்க இல்லவே இல்ல."

உயிரோடு இருந்தபோதும் அவள் சொன்னதை அவன் எதிர்த்துப் பேசியதில்லை. "சரி. நீ சொன்னா சரி," என்றான். "இனி யாரு கேட்டாலும் அப்படியே சொல்லிடறேன்."

வெளியே வந்தபோது அவள் ஜாக்கெட் முதுகோடு நனைந்திருந்தது. ஜெசிந்தா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மறுநாள் காலையில் ஒரு கல்லூரிப் பையன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். உங்களிடம் ஒன்று இருந்திருந்தால்?

"இருந்துச்சுங்க," என்றது தூண். "நானே செஞ்சது. அதுதான் என்னைக் கொன்னுச்சு. பைக்ல யாரும் வரல. பூஜையில வெச்சேன், குண்டு உள்ளாற இருந்தது தெரியல. நானேதான்ங்க, வேற யாருமில்ல."

பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அவரும் இறங்கி வந்தார்.

ஒரு வாரத்தில் பதினோராம் தூணின் பெட்டி நிரம்பி வழிந்தது. பாக்கியம் அக்கா துணிச் சுருளோடு வந்து பெட்டியில் போட்டுவிட்டு, நேராக நிவேதா வீட்டுக்கு வந்து கத்தினாள். "பாவி! வராத பைக்குக்கு எங்க ஊட்டுக்காரர் எத்தன ராத்திரி காவல் காத்தாருடி!" கத்தி முடித்ததும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த ஆயுத பூஜைக்குத் தருண் வாசலில் உட்கார்ந்து கிரைண்டருக்கும் தராசுக்கும் பொட்டு வைத்தான். நிவேதா ஜன்னல் இடுக்கு வழியாக அவன் வைத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

போலீஸ் கூப்பிட்டது. மானத்துக்குப் பயந்து பொய் சொன்னேன் என்றாள். வழக்குப் போட்டார்கள். பிளாஸ்டிக் கரைந்த கதையைக் கேட்ட இன்ஸ்பெக்டர், "படிச்ச பொம்பளைங்க ஆபத்துங்க," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவள் தலை குனிந்து நின்றாள். மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இனி யாரும் மிருதுளாவின் பக்கம் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை.

மிருதுளா தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். வயிற்று வலி என்று ஸ்கூலுக்கு மட்டம் போட்டாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். பஸ் நிறுத்தத்தில் அவள் அப்பாவின் தூணை விட்டுத் தள்ளிப் போய், அடுத்த தூணில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பூக்காரப் பாட்டியின் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு நாள் அந்தப் படத்திடம் தணிந்த குரலில் என்னமோ சொல்லிக்கொண்டிருப்பதை நிவேதா பார்த்தாள். "எனக்குப் புரியலயே சாமி, பூ வேணுமா?" என்றது படம்.

அன்று மாலை ஜெசிந்தாவை போனில் கூப்பிட்டாள். "மேடம், அவரு பேச்சு நின்னுபோன அந்த இடம். அதுக்குக் காரணம் நான் அழிச்சதுதானுங்களே?"

"எதை அழிச்சீங்க?"

நிவேதா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அழிச்சா வெறும் இடமாத்தான் இருக்கும். நிக்க மாட்டார்," என்றாள் ஜெசிந்தா. "கொஞ்சம் இருங்க." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. திரும்ப வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. "என்ன பேசினாங்கன்னு தெரியாது. ஆனா குடும்பக் குரல் எப்பெப்ப வந்துதுன்னு பாக்கலாம். உங்களுக்கு முன்னாடியே ஒரு குரல் இருக்கு. சின்னக் குரல். ஸ்கூல் நாள்ல மட்டும், காலையில. தூணை வரைஞ்ச முதல் வாரத்துல இருந்தே."

நிவேதாவுக்கு, தினமும் தான் தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றது நினைவுக்கு வந்தது. பின்னால் மகள் நின்றிருப்பாள்.

"அந்தக் குரல் அவரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கணும்," என்றாள் ஜெசிந்தா. "அதான் அங்க நின்னார். கேட்டவங்ககிட்ட ஒண்ணுமே இல்லன்னதும் அதனாலதான் போலிருக்கு."

"நான் சொன்னது அதை மூடிருச்சுங்களா?"

"ஆமா."

"திரும்பக் கொண்டுவர முடியாதா?"

"முடியாது நிவேதா. அவர் அப்படிச் சொன்ன அன்னிக்கே உங்க வழக்குக்காகப் போலீஸ் கேட்டாங்க, பதினொண்ணைப் பூட்டிட்டோம். இனிமே யார் சொன்னாலும் அவருக்குள்ள தங்காது. சொன்னதையேதான் சொல்லிட்டிருப்பார்."

மறுநாள் காலை. பஸ் நிறுத்தத்தில் நல்ல கூட்டம். பாக்கியம் அக்கா தருணின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மிருதுளா பாட்டியின் தூணில் சாய்ந்து நின்றாள். நிவேதா போய் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பையின் பட்டையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட இப்பல்லாம் பேசறதில்லயா கண்ணு?"

மிருதுளா செருப்பைப் பார்த்தாள். "பேசினேன்."

"என்ன சொன்னாரு?"

"இல்ல சாமி, நீ அங்க இல்லவே இல்லங்கறாரு." அவள் உதடு கோணியது. "முன்னாடி அப்படிச் சொல்ல மாட்டாரு. நான் சொன்னா முழுசாக் கேப்பாரு. கேட்டுட்டு, பரவால்ல கண்ணும்பாரு. நாளைக்கும் வந்து சொல்லும்பாரு. இப்பத் தெரியவே தெரியாதுங்கறாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்மா. ஞாபகம் வந்துச்சுன்னா அழுவியேன்னுதான் அப்பாகிட்ட, அம்மாகிட்டச் சொல்லிராதீங்கன்னேன்." அவள் தலை நிமிர்ந்தாள். "நான் இனி யாருகிட்டம்மா சொல்றது?"

நிவேதாவின் நாக்கில் பழைய பதில் வந்து நின்றது. நீ அங்க இல்ல கண்ணு. அது இப்போது ஊருக்கே தெரிந்த உண்மை. போலீஸ் எழுதி வைத்திருக்கிறது. அவள் ஒப்புவிக்க வேண்டியதுதான் பாக்கி.

"எங்கிட்டச் சொல்லு."

"நீ அழுவ."

"அழுவேன்."

"அழுதாலும் கேப்பியா?"

"கேக்கறேன்."

மிருதுளா பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். அம்மாவின் காதருகே வந்து ஆரம்பித்தாள். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். இரண்டடி தள்ளி பாக்கியம் அக்கா. பதினோராம் தூண் யாருக்கோ வழக்கமான பதிலைச் சொல்லத் தொடங்கியிருந்தது. நானேதான்ங்க, வேற யாருமில்ல. பாலத்தின் மேல் வண்டிகள் இரைந்தன. மகளின் உதடுகள் அசைவதுதான் தெரிந்தது. நிவேதாவின் கை தன்னையறியாமல் அந்த வாயை மூடுவதற்குப் பாதி தூரம் போய்விட்டது. அதை இறக்கித் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"கேக்கல கண்ணு," என்றாள். "சத்தமாச் சொல்லு."